மொத்தக் கணக்கு யாரையும் காட்டாது

ஃபயர்வாலில் ஐபி முகவரி வாரியாக பேண்ட்வித் அளப்பது வீண்வேலை, ரவுட்டரின் மொத்த வரைபடமே போதும், லைன் நிறைந்தால் பெரிய லைன் வாங்குங்கள் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். இதை நம்பும் நிர்வாகம் பணத்தைத்தான் கரைக்கும்.

அவருடைய முதல் வாதம் வேகம். 254 முகவரிகளுக்குப் போக, வர எனத் தலா இரண்டு விதி எழுதினால் 508 விதிகள். ஒவ்வொரு பாக்கெட்டும் அத்தனையையும் கடக்க வேண்டும் என்கிறார். உண்மைதான், ஆனால் அப்படி எழுதச் சொன்னது யார்? ஐபிடேபிள்ஸுக்கான எக்ஸ்டேபிள்ஸ் ஆட்ஆன்ஸில் இருக்கும் 'அக்கவுண்ட்' ஒரே விதியில் முழு சப்நெட்டையும் முகவரி வாரியாக எண்ணிவிடும். 2014இல் லினக்ஸ் கெர்னல் 3.13உடன் வந்த என்எஃப்டேபிள்ஸிலும் ஒரு செட்டுக்குள் முகவரிக்கு ஒரு கவுண்டர் வைக்கலாம். மோசமாக எழுதிய விதிகளைக் காட்டி அளவீட்டையே குற்றவாளி ஆக்குவது நேர்மையில்லை.

அடுத்து, ஃபயர்வால் காட்டும் எண் ரவுட்டரின் எண்ணோடு ஒத்துப்போவதில்லையாம். ஏன் என்று அவர் தேடியிருக்க வேண்டும். ஐபிடேபிள்ஸ் ஐபி பாக்கெட்டின் நீளத்தை மட்டும் எண்ணுகிறது. ஈதர்நெட்டின் தலைப்பும் சரிபார்ப்புத் தொகையும் சேர்ந்த 18 பைட் அதில் வராது. 1500 பைட் பாக்கெட்டில் அது 1.2 சதவீதம், சின்னச் சின்ன பாக்கெட்டுகளில் இடைவெளி பெரிதாகும். கேட்வேயிலேயே ப்ராக்ஸி ஓடினால் அந்தப் போக்குவரத்து 'ஃபார்வர்டு' சங்கிலிக்கே வராது. 'இன்புட்', 'அவுட்புட்' இரண்டிலும் எண்ண வேண்டும். வேகத்துக்காக ஃப்ளோ ஆஃப்லோடை இயக்கியிருந்தால் இணைப்பு நிலைபெற்ற பிறகு வரும் பாக்கெட்டுகள் விதிகளைத் தொடாமலேயே போய்விடும். கவுண்டர் பொய் சொல்லவில்லை, வைத்த இடம் தவறு. விதிகளை மறுபடி ஏற்றும்போது எண் பூஜ்யமாகிறது என்ற புகாருக்கும் மருந்து உண்டு: சேமிக்கும்போதும் மீட்கும்போதும் கவுண்டரையும் சேர்த்துக்கொள்ளும் தெரிவு.

அவர் இவ்வளவு நம்பும் வரைபடத்தின் லட்சணம் என்ன? எஸ்என்எம்பியின் பழைய 32 பிட் கவுண்டர், 1 ஜிகாபிட் லைன் நிரம்பி ஓடினால் சுமார் 34 நொடியில் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படித்து வரையும் கோடு வெறும் கற்பனை. 64 பிட் கவுண்டருக்கு மாறினால் கோடு சரியாகும். அப்போதும் அதில் பெயர் இருக்காது.

முகவரி வாரிக் கணக்கு ஊழியரை உளவு பார்ப்பது என்ற குற்றச்சாட்டு இன்னும் மோசம். எந்த முகவரி, எத்தனை பாக்கெட், எத்தனை பைட்: அந்தப் பட்டியலில் இருப்பது இவ்வளவுதான். எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பது அதில் இல்லை.

பெரிய லைன் வாங்கச் சொல்பவர் ஒன்றைச் செய்து காட்டட்டும். இரவில் முடிய வேண்டிய பேக்கப் பகலிலும் ஓடுகிறதா, வைரஸ் புகுந்த ஒரு கணினி வெளியே தாக்குதல் அனுப்புகிறதா என்று தன் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அவரால் முடியாது. புதிய லைனையும் அதே கணினி நிரப்பும், அது எது என்று அப்போதும் அவருக்குத் தெரியாது.