மண்டபம் எட்டும் தூரம்தான்

1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முன்பு தலைமையகம் கொண்டிருந்தது பாம்பனுக்கு எதிர்க்கரையில், மண்டபத்தில். 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் அதன் மையம் ஒன்று இங்கே நீடிக்கிறது. கடற்பாசி ஆய்வுக்கென இன்னொரு மத்திய நிறுவனத்தின் கிளையும் அதே ஊரில். வடக்கே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. இதே கரையில்தான் ராமேஸ்வரம் அப்துல் கலாம் அரசுக் கல்லூரியும் ராமநாதபுரம் சேதுபதி அரசுக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே படிக்கும் இளநிலை மாணவர்களும் இந்த ஆய்வு நிறுவனங்களில் இருக்கும் ஆய்வு மாணவர்களும் சந்திப்பது எப்போது? பெரும்பாலும் ஒருநாள் களப்பயணத்தில், மீன் தொட்டிக்கு முன்னால் நின்று குழுப்படம் எடுக்கும்போது.

இது போதாது. மாணவர் தானே ஒரு தலைப்பைத் தேர்ந்துகொண்டு, பருவம் முழுக்க ஓர் ஆய்வு மாணவரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் இதை கிரெடிட் உள்ள பாடமாக்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகக் கணிதத் துறையிலிருந்து அமெரிக்காவின் பல கல்விக்கூடங்களுக்குப் பரவிய வாசிப்புத் திட்டம் இத்தகையதே. அதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை.

கடைசி ஆண்டில் ப்ராஜெக்ட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பைண்டிங்கோடு சேர்த்து விலைக்கே கிடைக்கிறது. வகுப்பு முழுவதற்கும் இரண்டொரு பேராசிரியர்களே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்போது அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

தலைப்புக்கா பஞ்சம்? மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மீது கப்பாபைகஸ் பாசி படர்வதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்தார்கள். அதே பாசியை மூங்கில் மிதவையில் வளர்த்துத்தான் இந்தக் கரையில் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அப்படியொரு வீட்டுப் பெண் இதைத் தலைப்பாக எடுத்தால், ஆய்வுக் கட்டுரை சொல்வதையும், எந்தக் காற்றில் பாசி அறுந்து எந்தப் பக்கம் போகும் என்று அம்மா சொல்வதையும் ஒருசேர வைத்துப் பார்ப்பாள். வழிகாட்டும் ஆய்வு மாணவருக்கும் அது கிடைக்காத சரக்கு. 2001-இல் வந்த கடல் அட்டைத் தடை, வடகடல் எனப்படும் பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் தீராத வழக்கு என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அறிக்கையைத் தமிழில் எழுதவும் அனுமதிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அஞ்சியே வாய்திறக்காத பிள்ளைகள் நம் கல்லூரிகளில் ஏராளம்.

ஒரு பயம் நியாயமானது. மாதிரி சேகரிக்கவும் பெட்டி தூக்கவும் சம்பளமில்லாத கை கிடைத்தது என்று சிலர் நினைப்பார்கள். ஆகவே தலைப்பு மாணவருடையதாகவே இருக்க வேண்டும். வழிகாட்டியின் சொந்த ஆய்வுக்கான வேலை அதில் நுழையக் கூடாது. வழிகாட்டிக்கும் மதிப்பூதியம் தர வேண்டும். உதவித்தொகையே இல்லாமல் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவர்களிடம் போய்ச் சேவை மனப்பான்மை பற்றிப் பேசுவது அழகல்ல.

வனத்துறைக்கும் இதில் பங்குண்டு. குருசடை உள்ளிட்ட, வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்குக் குருசடைக்குப் படகு விட முன்வந்த துறை, வழிகாட்டியோடு வரும் இரண்டு மூன்று மாணவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம்.

ராமேஸ்வரம், ராமநாதபுரம் கல்லூரிகளில் இருபது இணைகளோடு வரும் பருவத்திலேயே தொடங்கலாம். சென்னையிலிருந்து அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு ஒருமுறை கூடினால் போதும்.