பதினெட்டுக் கோடியும் ஒரு கரைவலைப் பங்கும்

உடப்புக் கடற்கரையில் வலை கரையேறி, மீன் பிரிக்கப்பட்டு, வண்டிகள் புறப்பட்ட பிறகு தேநீர்க் கடையில் பேசப்படுபவை பெரும்பாலும் இரண்டே விடயங்கள். அன்றைய மீன் விலை ஒன்று, கிரிக்கெட் மற்றது. 2025 நவம்பர் 15ஆம் திகதி சனிக்கிழமை மீன் விலையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. ரவீந்திர ஜடேஜாவைச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ராஜஸ்தான் ரோயல்ஸுக்குக் கொடுத்துவிட்டது என்ற செய்தி கைத்தொலைபேசிகளில் வந்திறங்கியிருந்தது.

எட்டாம் இலக்க மஞ்சள் மேலாடை அணிந்த இளைஞன் ஒருவன் தன் வீட்டில் இழவு விழுந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். சம்மாட்டி ஒருவரிடம் நெடுங்காலம் கணக்கெழுதிய பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “வாற மாசம் முப்பத்தேழு வயசாகிற ஆளுக்குப் பதினெட்டுக் கோடி குடுக்கச் சொல்றியா தம்பி?” இளைஞனிடம் பதில் இருந்தது. “நாப்பத்திநாலு வயசுக்காரரை வைச்சிருக்கிறாங்களே மாமா, அது கண்ணுக்குத் தெரியலையா?”

அதற்குப் பிறகு அந்தக் கடையில் நடந்த விவாதம், நான் படித்த விளையாட்டுப் பத்திகள் பலவற்றைவிடக் கூர்மையாக இருந்தது. அதை என் வழியில் தொடர்கிறேன்.

புத்தளத்துக் கரையோரத்தில் சென்னை அணிக்கு ஏன் இத்தனை பற்று என்று வெளிநாட்டில் வாழும் வாசகர் கேட்கலாம். மொழி ஒரு காரணம். 2008 முதல் 2010 வரை முத்தையா முரளிதரன் அங்கே பந்து வீசியது இன்னொன்று. 2013இல் இலங்கை வீரர்கள் சென்னை மைதானத்தில் ஆடக்கூடாது என்றானபோது இங்கே சிலர் மஞ்சளைக் கழற்றி எறிந்தார்கள். ஓராண்டில் மறுபடி உடுத்திக்கொண்டார்கள். பற்று அப்படிப்பட்டது. ஆகவே இது அயல்நாட்டு அணியின் கொடுக்கல் வாங்கலைப் பற்றி வேலையற்றவர்கள் பேசிய பேச்சு அல்ல.

முதலில் விபரம். ஜடேஜாவும் இங்கிலாந்தின் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றார்கள். அங்கிருந்து அணித்தலைவர் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். சாம்சனின் விலை 18 கோடி இந்திய ரூபா, மாற்றமில்லை. கரனுக்கு 2.4 கோடி. ஜடேஜாவின் 18 கோடி 14 கோடியாகக் குறைந்தது. வீரரின் சம்மதமின்றி இத்தகைய பரிமாற்றம் நடக்க முடியாது என்பது ஐபிஎல் விதி. ஆகவே அவர் இழுத்துச் செல்லப்பட்டார் என்று அழுவதில் பொருளில்லை. ஆனால் ‘போகிறீர்களா?’ என்று கேட்கப்பட்ட கணத்திலேயே அந்த வீட்டில் அவருடைய இடம் முடிந்துவிடுகிறது என்பதையும் மறைக்கக்கூடாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜடேஜாவை விட்டது சரி. ஆனால் அதற்கான கணக்கு ஓராண்டு பிந்திப் பார்க்கப்பட்டது. அதுவும் தவறான ஆளின் பெயரில் எழுதப்பட்டது.

ஐபிஎல்லில் பணம் பெருங்கடல் அல்ல. அளந்து ஊற்றிய குடம். 2025 பருவத்துக்கு ஓர் அணி செலவிடக்கூடிய உச்சத்தொகை 120 கோடி. ஒருவருக்கு 18 கோடி என்றால் நூற்றுக்குப் பதினைந்து. அந்தப் பதினைந்தில் நான்கைந்து இளைஞர்களை வாங்கலாம். இதனால்தான் அங்கே மூத்த வீரரின் சம்பளம் அவருக்கும் முதலாளிக்கும் இடையிலான விடயமாக நின்றுவிடுவதில்லை. உடைமாற்றும் அறையில் பக்கத்தில் இருப்பவனின் பங்கும் அதில் அடங்கியிருக்கிறது.

ஜடேஜா 2023இல் 20 விக்கெட்டுகள் எடுத்தார். 2024இல் 8, 2025இல் 10. இறங்குமுகம் என்று சொல்ல இது போதும். ஆனால் அதே 2025இல்தான் அவர் 301 ஓட்டங்கள் குவித்தார். ஒரே ஐபிஎல் பருவத்தில் முந்நூறைத் தாண்டியது அதுவே முதல் தடவை. அந்த மே 3ஆம் திகதி பெங்களூரில் 45 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 77 எடுத்தும் அணி 2 ஓட்டங்களால் தோற்றது. பந்து வீச்சில் குறைந்ததை மட்டையால் ஈடுசெய்ய முயன்ற ஒரு மனிதனை இந்த இலக்கங்களில் காண்கிறேன். ஆனால் அணி பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில், முடிந்தது. சென்னைக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. கடைசி இடத்துக்கு வந்த அணி எதையும் மாற்றாமல் இருக்க முடியாது.

பிழை நடந்தது ஓராண்டுக்கு முன்னர். 2024 ஒக்டோபர் 31ஆம் திகதி சென்னை ஐவரைத் தக்கவைத்தது: ருதுராஜ் கெய்க்வாட் 18 கோடி, ஜடேஜா 18, மதீஷ பத்திரண 13, சிவம் துபே 12, மகேந்திர சிங் தோனி 4. முதல் நால்வருக்கான 61 கோடியை அவர்களிடையே எப்படிப் பிரிப்பது என்பது அணியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. முப்பத்தாறை நெருங்கிக்கொண்டிருந்த சகலதுறை வீரருக்கு அதில் 18ஐ வைத்தது எதற்காக? 2023 இறுதிப் போட்டிக்காக. அஹமதாபாதில் மழை ஓய்ந்த நள்ளிரவு கடந்து, இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவை என்ற நிலையில், மோகித் சர்மாவின் பந்தை ஆறுக்கும் அடுத்ததை நான்குக்கும் அனுப்பினாரே, அதற்காக. தோனி அவரைத் தூக்கிக்கொண்ட அந்தப் படத்துக்காக.

நன்றிக்கடன் நல்லதுதான். ஆனால் நேற்றைய வேலைக்கு நாளைய சம்பளப் பட்டியலில் கூலி எழுதினால், அதை யாரோ ஒருவர் திருப்பிக் கேட்கும் நாள் வரும். அன்றே 14 கோடி எழுதியிருந்தால் அவர் இன்னும் மஞ்சளில் இருந்திருக்கவும் கூடும். அதே 14 கோடிக்குத்தானே பின்னர் ராஜஸ்தானுக்குப் போகச் சம்மதித்தார்!

உணர்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் அத்துடன் நிற்கவில்லை. 2024 நவம்பர் ஏலத்தில் முப்பத்தெட்டு வயது அஸ்வினை 9.75 கோடிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். சென்னைப் பிள்ளை சென்னைக்குத் திரும்பினான் என்று நானும்தான் மகிழ்ந்தேன். ஒன்பது ஆட்டங்கள். அடுத்த ஆகஸ்டில் அவரே விடைபெற்றுக்கொண்டார்.

இனி, மஞ்சள் மேலாடைக்காரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

தோனியின் சம்பளம் 4 கோடி. ஐந்தாண்டுகள் சர்வதேசப் போட்டியில் ஆடாதவரை ‘சர்வதேச அனுபவம் இல்லாதவர்’ என்ற வகையில் சேர்க்கலாம் என்ற பழைய விதி 2024இல் மீண்டும் வந்ததால் கிடைத்த மலிவு விலை. எழுதப்பட்ட தொகையைப் பார்த்தால் சென்னையின் விலையுயர்ந்த மூத்த வீரர் ஜடேஜாதான். ஆனால் அணிக்கு மூத்த வீரர் ஒருவரால் ஏற்படும் செலவு சம்பளம் மாத்திரமா? பதினொருவரில் ஓர் இடம் இருக்கிறதே, அதன் விலை என்ன? 2025 மார்ச் 28ஆம் திகதி சேப்பாக்கத்தில் 197 ஓட்ட இலக்கைத் துரத்திய அன்று தோனி ஒன்பதாவது ஆளாக மட்டையெடுத்து வந்தார். அணி 50 ஓட்டங்களால் தோற்றது. 2008க்குப் பிறகு அந்த மைதானத்தில் பெங்களூரு பெற்ற முதல் வெற்றி அது. அந்த இடத்தில் ஓர் இளைஞன் இரண்டு பருவங்களுக்கு முன்னரே பழகத் தொடங்கியிருந்தால், சாம்சன் என்னும் ஆயத்த விக்கெட் காப்பாளரைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்குமா?

சாம்சன் யார்? விக்கெட் காப்பாளர், அணித்தலைவராக இருந்தவர், அவ்வேளை முப்பத்தொரு வயது. அதாவது தோனியின் வாரிசு. தோனியின் வாரிசுரிமைப் பிரச்சினைக்கு உரிய விலையை ஜடேஜா கட்டினார். அதே நவம்பரில் தோனி அடுத்த பருவத்துக்கும் தக்கவைக்கப்பட்டார். வாரிசும் வந்தாயிற்று, இராசாவும் இருக்கிறார், தளபதி மாத்திரம் வெளியே. நமது நாட்டுக்கூத்துகளில்கூட இப்படியொரு காட்சியை எவரும் எழுதத் துணியார்.

தோனியை இழிவுபடுத்துவது என் நோக்கமல்ல. அவர் இருப்பதால் நிரம்பும் இருக்கைகளும் விற்பனையாகும் மேலாடைகளும் அணிக்குத் தரும் வருமானத்தை நான் அறியாதவனல்ல. ஆனால் அப்படியாயின் அதைச் சொல்லிவிட வேண்டும். ஒருவருக்குச் சந்தைக் கணக்கும் மற்றவருக்குக் கிரிக்கெட் கணக்கும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் அணியின் நலன் என்று ஒரே பெயர் சூட்டக்கூடாது. 2022 ஏலத்தில் சுரேஷ் ரெய்னா அடிப்படை விலையான 2 கோடிக்கும் வாங்குவாரின்றி நின்றபோது சென்னையும் கையை உயர்த்தவில்லை. ‘சின்னத் தல’ என்று நாம் கொண்டாடிய மனிதர்! அன்றைக்கு இறுகியிருந்த மனம் எல்லோருக்கும் ஒரே அளவில் இறுகியிருந்தால் எனக்கு வழக்கில்லை.

இந்தப் பரிமாற்றச் சந்தைக்கு மூலவூர் அமெரிக்கா, அங்குள்ள பேஸ்போல். 1969இல் சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, பன்னிரண்டு பருவங்கள் தனக்காக ஆடிய கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை; அக்காலத்து விதி கேட்கச் சொல்லவுமில்லை. விருப்பம் பாராமல் வாங்கி விற்கப்படும் பொருளல்ல நான் என்று அவர் ஆணையாளருக்குக் கடிதம் எழுதி, நீதிமன்றம் சென்றார். 1970 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1972இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் மறு ஆண்டே, பத்தாண்டுகள் பெருங்கழகங்களில் ஆடி, கடைசி ஐந்தாண்டுகளை ஒரே அணியில் கழித்தவர் பரிமாற்றத்தை மறுக்கலாம் என்ற உரிமை ஒப்பந்தத்தில் ஏறியது. அந்த உரிமையை ஃபிளட் அனுபவிக்கவில்லை.

ஜடேஜாவும் சென்னைக்காகப் பன்னிரண்டு பருவங்கள் ஆடியவர். 2012 ஏலத்தில் 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வந்தார். அணி தடைசெய்யப்பட்ட 2016, 2017 ஆண்டுகளைத் தவிர்த்து 2025 வரை இருந்தார். அவருடைய கதையில் இன்னொரு வினோதம் உண்டு. 2008இல் ராஜஸ்தானுடன் கிண்ணம் வென்ற அந்தப் பையன், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியுடன் தானே பேசப்போனதற்காக 2010 பருவம் முழுவதும் தடைசெய்யப்பட்டான். வீரர் பேசினால் குற்றம். அணிகள் பேசினால் தந்திரோபாயம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, அணிகள் பேசி முடித்ததன்பேரில் அதே ராஜஸ்தானுக்கு அவர் திரும்பினார்.

கடையில் பெரியவர் இதற்கெல்லாம் கரைவலையை உதாரணம் காட்டினார். எங்கள் பக்கத்தில் கரைவலைத் தொழிலாளி சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியே பருவத்துக்கு இறங்குவான். வேறு சம்மாட்டியிடம் போக விரும்பினால் முற்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அல்லது புதியவர் அதைக் கட்டித் தீர்ப்பார். பரிமாற்றக் கட்டணம் என்பது எங்களுக்குப் புதிதல்ல. கயிறு இழுக்க முடியாத கிழவருக்கு என்ன செய்வார்கள்? நான் சிறுவனாயிருந்தபோது அவர் கயிற்றைச் சுற்றி வைப்பார், வலை பொத்துவார், மடி கரைக்கு வரும்போது மீன் எந்தப் பக்கம் பாய்கிறது என்று கத்துவார். முழுப் பங்கு கிடைக்காது. குறைந்த பங்கு கிடைக்கும். ஆனால் பெயர் பட்டியலில் இருக்கும். உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலை இழுக்கத் தொடங்கியபின் அந்தக் குறைந்த பங்கும் சுருங்கிவிட்டது.

இங்கே என் பக்கத்துக் கணக்கையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 2022 நெருக்கடியில் அச்சுத்தாள் தட்டுப்பாட்டில் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்த நாட்களில், நான் பணிபுரிந்த இடத்தில் அறுபதைக் கடந்த ஒப்புநோக்குநர் ஒருவரின் ஒப்பந்தத்தை நீடிப்பதா என்று என்னிடம் குறிப்புக் கேட்டார்கள். அவருக்குக் கொடுப்பதில் இரண்டு இளைஞர்களை வைத்திருக்கலாம். நீடிக்க வேண்டாம் என்று எழுதினேன். காரணங்கள் அனைத்தும் சரியானவை. இன்று கேட்டாலும் அதையே எழுதுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவரிடம் முன்கூட்டியே நான் பேசவில்லை. குறைந்த சம்பளத்துக்கு இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அவர் மேசையைத் துடைத்துவிட்டு, சிவப்புப் பேனையை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதே பட்டியலில் அவரைவிடக் கூடிய சம்பளம் வாங்கிய, அவரைவிடக் குறைவாக உழைத்த, ஆனால் பெயர் பெரிதான ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி எவரும் குறிப்புக் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

ஆகவே ஜடேஜா விடயத்தில் அணி நிருவாகத்தின்மேல் கல்லெறிய எனக்குக் கை வரவில்லை. ஆனால் அவர்களுடைய கணக்கில் மிச்சம் எங்கே என்று கேட்பேன். 2025 டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபி ஏலத்தில், இருபது வயதான பிரசாந்த் வீர் என்ற இடதுகைச் சுழற்பந்துச் சகலதுறை வீரரைச் சென்னை 14.20 கோடிக்கு வாங்கியது. சர்வதேசப் போட்டி ஒன்றும் ஆடாதவருக்கு அதுவரை எவரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அதே நாளில் கார்த்திக் சர்மாவுக்கும் அதே தொகை. ஜடேஜாவின் வேலையைச் செய்ய, ஜடேஜாவின் புதிய விலையைவிட இருபது இலட்சம் கூடுதலாக ஒரு பையன். அதே ஏலத்தில், சென்னை விட்டுவிட்ட நம் பத்திரணவைக் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது.

இந்த இலக்கத்தை நான் கடையில் சொன்னபோது கணக்கெழுதிய பெரியவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு மஞ்சள் மேலாடைக்காரனிடம், “அந்தப் பொடியன் எத்தினையாம் நம்பர் சட்டை போடுவானாம்?” என்று கேட்டார். அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.