சாம்சங்கை எழுப்பிய "தினை" - ரிச்சி தெருவுக்குக் கிடைத்தது என்ன?

"ரெட்மி" என்ற பெயரைக் கேள்விப்படாத வீடு இன்று சென்னையில் இருக்காது. மீன் விற்கும் அம்மா முதல் ஆட்டோ டிரைவர் வரை, கடைக்கு வந்தால் "ரெட்மி இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். அதைத் தயாரிக்கும் கம்பெனியின் பெயர் சியோமி என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? விலை தெரிந்தால் போதும்!

சீன மொழியில் "சியோமி" என்றால் தினை. 2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெய்ஜிங் நகரில் லெய் ஜுன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கம்பெனியைத் தொடங்கினார்கள். அன்றைக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் தினைக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் வேலையில் உட்கார்ந்தார்களாம். கஞ்சி குடித்தவர்கள் நாலே வருஷத்தில் இந்தியாவுக்குள் நுழைந்தார்கள். 2017-ம் ஆண்டு கடைசியில், இங்கே கொடி கட்டிப் பறந்த சாம்சங்கை நாற்காலியை விட்டு எழுப்பினார்கள்.

இது எப்படி நடந்தது? இதில் லாபம் யாருக்கு? வயிற்றெரிச்சல் யாருக்கு?

தூங்கிய பெரியவர்கள்

2014-ம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அது மறக்கக்கூடிய வருஷம் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, அந்த வருஷம் நவம்பர் 1-ந் தேதி இழுத்து மூடப்பட்டது. ஒரு பக்கம் வரித் தகராறு. இன்னொரு பக்கம், நோக்கியாவின் செல்போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாப்ட் இந்த ஆலையைக் கைகழுவி விட்டது. ஆர்டர் நின்றது. சீருடை போட்டு கம்பெனி பஸ்சில் போய் வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வேலை போனது.

நோக்கியா விழுந்த இடத்தில் யார் இருந்தார்கள்? மேலே சாம்சங். அதை விரட்டிக்கொண்டு மைக்ரோமேக்ஸ். சாம்சங்கின் அன்றைய உச்ச மாடல் ரூ.50 ஆயிரத்தைத் தாண்டியது. குறைந்த விலைக்கு வந்த மாடல்களோ, நாலு படம் எடுத்தால் திணறும். "வேற வழி இல்ல, இதைத்தான் வாங்கணும்" என்ற நிலைமை. வாடிக்கையாளருக்கு வேறு வழி இல்லை என்று நினைக்கிற வியாபாரி தூங்க ஆரம்பித்து விடுவான். தூங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான், 2014 ஜூலையில், "மி 3" என்ற போனை சியோமி இறக்கியது. விலை ரூ.13 ஆயிரத்து 999. அதே சிப் போட்ட கூகுளின் நெக்சஸ் 5 இந்தியாவுக்கு வந்தபோது ஏறக்குறைய ரூ.29 ஆயிரம்! செப்டம்பரில் ரெட்மி 1 எஸ் வந்தது. அதன் விலை ரூ.5 ஆயிரத்து 999.

கடையில் கிடைக்காது!

ஆனால் ஒரு நிபந்தனை. எந்தக் கடையிலும் கிடைக்காது. பிளிப்கார்ட்டில் முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டும். குறிப்பிட்ட நாள், பகல் 2 மணிக்கு விற்பனை திறக்கும். முதல் தடவை நிமிஷக் கணக்கில் தீர்ந்தது. அப்புறம் வினாடிக் கணக்கில் தீர்ந்தது. ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஏமாந்து, அடுத்த வாரமும் உட்கார்ந்தார்கள். சினிமா தியேட்டர் வாசலில் முதல் நாள் டிக்கெட்டுக்கு நடக்கிற தள்ளுமுள்ளு, வீட்டுக்குள்ளேயே நடந்தது. விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவு இல்லை. தட்டுப்பாடே விளம்பரம்.

விலை எப்படிக் குறைந்தது என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. வழக்கமாக ஒரு போன் கம்பெனியில் இருந்து மொத்த வினியோகஸ்தருக்குப் போகும். அவரிடம் இருந்து ஏரியா டீலருக்கு. அப்புறம் கடைக்கு. ஒவ்வொரு கையிலும் ஒரு பங்கு ஒட்டும். கடை வாசல் போர்டு, கடைக்குள் நின்று போனைக் காட்டும் பையனுக்குச் சம்பளம், டி.வி. விளம்பரம், கிரிக்கெட் விளம்பரம் எல்லாம் விலையில்தான் ஏறும். சியோமி இந்தச் சங்கிலியைப் பாதியில் அறுத்தது. போனில் ஐந்து சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் எடுக்கவே மாட்டோம் என்று 2018 ஏப்ரலில் லெய் ஜுன் பகிரங்கமாக அறிவித்தார்.

தர்ம பிரபு என்று நினைத்துவிட வேண்டாம்! போனைத் திறந்தால் விளம்பரம் எட்டிப் பார்த்தது. செட்டிங்ஸ் பக்கத்தில்கூட வந்தது. விளம்பரம், விளையாட்டு ஆகியவற்றில் கிடைக்கும் லாப விகிதம் போனில் கிடைப்பதைவிடப் பல மடங்கு. வாசலில் மலிவாக விட்டு, உள்ளே வந்த பிறகு வசூல். ஜனங்கள் முணுமுணுத்த பிறகுதான் விளம்பரத்தை நிறுத்தும் வசதியைப் பற்றிக் கம்பெனி பேசியது. அப்படியும் ரூ.10 ஆயிரத்துக்குள் நல்ல போன் வாங்கிய குடும்பத்துக்கு அது லாபம்தான். அதை மறுக்க முடியாது.

மைக்ரோமேக்ஸ் கதி

நடுவில் தடை வராமல் இல்லை. எரிக்சன் கம்பெனி காப்புரிமை வழக்குப் போட, 2014 டிசம்பரில் டெல்லி ஐகோர்ட்டு விற்பனைக்குத் தடை விதித்தது. குவால்காம் சிப் போட்ட போன்களை மட்டும் விற்கலாம் என்று சில நாளில் அனுமதி கிடைத்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஊர் பூராவும் 4ஜி போன் தேடியது. நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வேறு. கையில் பழைய 3ஜி சரக்கை வைத்துக்கொண்டு மைக்ரோமேக்ஸ் முழித்தது. 2017 ஜனவரியில் ரூ.9 ஆயிரத்து 999-ல் தொடங்கிய ரெட்மி நோட் 4 அள்ளிக்கொண்டு போனது. அந்த வருஷத்தின் கடைசி மூன்று மாதத்தில் சியோமிக்கு 25 சதவீதம், சாம்சங்குக்கு 23 சதவீதம் என்று கவுன்டர்பாயிண்ட் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. சாம்சங் தன் ஆன்லைன் "எம்" வரிசையைக் கொண்டு வந்ததே 2019-ல்தான். வீடு தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டிய கதை!

கடைக்காரர் வயிற்றெரிச்சல்

இதில் அடி வாங்கியவர் சாம்சங் அல்ல. சாம்சங்குக்கு டி.வி. இருக்கிறது, பிரிட்ஜ் இருக்கிறது, பணம் இருக்கிறது. அடி வாங்கியவர் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் பத்துக்குப் பத்து இடத்தில் கடை போட்டிருப்பவர்.

வாடிக்கையாளர் வருவார். "அண்ணே, ரெட்மி புது மாடல் இருக்கா?" என்பார். இருக்காது. இருந்தாலும் ஆன்லைன் விலையைவிட அதிகம் இருக்கும். "நெட்டுல கம்மியா போட்டிருக்கானே" என்று போனையே நீட்டிக் காட்டுவார். அந்த விலைக்குக் கடைக்காரருக்கே சரக்கு வராது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் டெம்பர் கண்ணாடி ஒட்ட, பழைய போனில் இருந்து நம்பர் மாற்ற, வாட்ஸ்அப் போட்டுக் கொடுக்க மட்டும் அதே வாடிக்கையாளர் அதே கடைக்குத்தான் வருவார். லாபம் ஓர் இடம், ஊழியம் ஓர் இடம்!

விவோ, ஓப்போ கம்பெனிகள் இந்த வயிற்றெரிச்சலைச் சரியாகப் புரிந்துகொண்டன. கடைக்காரருக்குக் கமிஷன், வாசலுக்குப் புது போர்டு. கிரிக்கெட்டையும் விடவில்லை. ஐ.பி.எல். பெயரை ஐந்து வருஷத்துக்கு விவோ எடுத்த தொகை ரூ.2 ஆயிரத்து 199 கோடி. சியோமிக்கும் பிறகு புத்தி வந்தது. 2017 மே மாதம் பெங்களூரில் முதல் "மி ஹோம்" கடையைத் திறந்தது. ஆனாலும் ஆன்லைன்காரன் என்ற பெயர் லேசில் போகவில்லை.

2022 ஏப்ரலில் இன்னொரு இடி. அன்னியச் செலாவணி சட்டப்படி ரூ.5 ஆயிரத்து 551 கோடியை அமலாக்கத்துறை முடக்கியது. அது முறையாகச் செலுத்திய ராயல்டி என்று கம்பெனி மறுத்து, கோர்ட்டுக்குப் போனது. அந்த வருஷக் கடைசியில் சாம்சங் மறுபடியும் முந்தியது. 2024-ல் எண்ணிக்கையில் முதல் இடம் விவோவுக்கு! ஆன்லைனை நம்பியவன் இறங்க, கடைக்காரனை நம்பியவன் ஏறினான். ரிச்சி தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் குறைவு.

இப்போது வேண்டியது

நோக்கியா போன ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் வேலை திரும்பியதில் சியோமிக்கும் பங்கு உண்டு. 2015-ல் ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் பாக்ஸ்கான் மூலம் தொடங்கி, 2018-ல் ஸ்ரீபெரும்புதூரையும் சேர்த்தது. அந்த நன்றி இருக்கட்டும். அதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

ரூ.6 ஆயிரத்துக்கு நல்ல போன் என்று சொல்லி ஏழைகளிடம் பெயர் வாங்கிய கம்பெனி, இன்று ரூ.20 ஆயிரம், ரூ.30 ஆயிரம் என்று மேலே பார்க்கிறது. போட்டிக் கம்பெனிகளும் அப்படியே. கூலி வேலை செய்கிறவர் பிள்ளையின் ஆன்லைன் பாடத்துக்குப் போன் தேடினால், தவணைக் கடையைக் காட்டுகிறார்கள். போனுக்கு எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும், உதிரிப் பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டால் என்ன? பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் ஒரு குழுவே அமைத்ததே!

கடைக்காரர் கேட்பதும் பெரிய சலுகை அல்ல. புது மாடல் வெளியாகும் அன்றைக்கே, ஆன்லைன் விலையிலேயே, கடைக்குப் பத்துப் பெட்டி. அடுத்த ரெட்மி வரும்போது அந்தப் பத்துப் பெட்டி ரிச்சி தெருவுக்கு வருகிறதா என்று பார்க்கலாம்.