புங்குடுதீவின் தண்ணீர்க் கணக்கு

புங்குடுதீவில் நன்னீர் இல்லை என்று சொல்லிச் சொல்லியே தலைமுறைகள் கழிந்துவிட்டன. பவுசர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடங்களை அடுக்கிவைப்பது தீவகத்தாரின் தலைவிதி என்று அதிகாரத்தில் இருப்போர் கருதுகின்றனர். இக்கருத்தை நாம் மறுக்கிறோம். புங்குடுதீவில் நீர் உண்டு. அதைக் கணக்கிட்டு ஆளும் உரிமைதான் இன்னும் ஊரார் கைக்கு வரவில்லை.

ஒல்லாந்தர் தமது நகரொன்றின் பெயரால் இத்தீவை மிடில்பேர்க் என்று அழைத்தனர். அவர்களின் நாட்டுப் பொறியியலாளர் பாடொன் கைபனும், பின்னர் 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் கடற்கரை நிலங்களை ஆராய்ந்து கூறிய விதி இத்தீவுக்கும் பொருந்தும். சுண்ணக்கல்லினூடாக இறங்கும் மழைநீர், அடியில் ஊடுருவியிருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. உவர்நீர் கனமானது, நன்னீர் இலேசானது. கடல்மட்டத்துக்கு மேல் நிலத்தடி நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது அவ்விதி. இரு நீரும் கலப்பதனால் நடைமுறையில் இந்த ஆழம் குறையும். எனினும் எச்சரிக்கை ஒன்றே: மேலே ஓரடி இறங்கினால், கீழிருந்து உவர் பன்மடங்கு மேலேற முனையும்.

ஆகவே, ஆழத் தோண்டினால் நல்ல நீர் கிடைக்கும் என்னும் எண்ணம் வேறு ஊர்களுக்குப் பொருந்தலாம். தீவுக்கு அது கேடு. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. மோட்டருக்குத் தோள் நோவதில்லை!

நீரியல் என்னும் விஞ்ஞானத்தின் முதற்பாடம் கடைக்காரரின் பேரேட்டை ஒத்தது. மழை வரவு. வெயிலும் பயிரும் குடிப்பது, கடலுக்கு ஓடிக் கசிவது, நாம் இறைப்பது ஆகிய மூன்றும் செலவு. வரவிலிருந்து செலவைக் கழித்தால் நிலத்தடி இருப்பின் ஏற்ற இறக்கம் தெரியும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரங்குல மழை பெய்தால் ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல் நீர் விழுகிறது. 5,000 லீற்றர் பவுசர்கள் இருபது கொண்டுவரும் நீர் அது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் தரும் இச்செல்வம் தூர்ந்த குளங்களையும் அடைபட்ட வாய்க்கால்களையும் தாண்டிக் கடலுக்கு ஓடுமானால், பங்குனியில் வானத்தை நோவதில் பயனென்ன?

இப்பேரேட்டைச் சமன்பாடுகளாக்கி, தீவைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்குச் சதுரம் நீர் நகர்வதைக் கணினியிற் கணிப்பதே மாதிரியுரு எனப்படுவது. வரட்சி நீடித்தால் எக்கிணறு முதலில் உவராகும், எக்குளத்தைத் திருத்தினால் எக்கிணறுகள் பயன்பெறும் என்பவற்றை அது முன்கூட்டி உரைக்கும். ஆனால், அளவீடு இல்லாத மாதிரியுரு பிறந்த நேரம் அறியாது கணித்த சாதகம்! நீதிமன்றில் வாதாடும் எமக்கு இது புதிதன்று. சாட்சியம் இன்றி வழக்கு நில்லாது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கிலே, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. கிணற்று நீரை ஆய்ந்த முடிவுகள் அவ்வழக்கிற் சாட்சியமாக நின்றன என்பதை மறத்தலாகாது.

தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதே, இனிக் கவலை ஏன் என்று சிலர் கேட்பர். அதை நாம் வரவேற்கிறோம். குடிநீர் மக்களின் உரிமை. ஆயினும், மின்சாரம் செலவிட்டுப் பெறும் நீரைக் கொண்டு தோட்டம் செய்ய முடியுமா? ஆடுமாடுகளும் பனையும் வயலும் நிலத்தடி நீரையன்றோ நம்பியிருக்கின்றன! குழாய் வந்ததென்று கிணற்றைக் கைவிடும் ஊர், குழாய் வற்றும் நாளில் எங்கே போகும்?

எமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, குளங்களையும் கேணிகளையும் வரத்து வாய்க்கால்களையும் மாரிக்கு முன் திருத்தல் வேண்டும். சுண்ணக்கல்லை உடைத்து அளவுமீறி ஆழமாக்குவோர் உவரைத் தாமே அழைப்பவராவர். இரண்டாவது, வட்டாரந்தோறும் தெரிந்தெடுத்த கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாதந்தோறும் அளந்து, வேலணைப் பிரதேச சபை அக்கணக்கை மக்கள் காண வெளியிடல் வேண்டும். கமக்காரரும் பாடசாலை மாணவரும் அளப்பதற்குப் போதிய அறிவுடையோரே. மூன்றாவது, 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நீர்வள சபையும் ஊர்ச்சங்கங்களும் கலந்து ஆராயாமல் ஆழ்குழாய்க் கிணறு எதுவும் தோண்டப்படலாகாது. பிறந்த மண்ணுக்கு உதவ வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அன்பர்களும் இதை மனங்கொள்வாராக.

1990-91இல் ஊரைவிட்டு ஓடிய மக்கள் திரும்பி வாழ வேண்டுமானால் வீடும் வீதியும் போதா; வீட்டுக் கிணற்றில் நன்னீர் இருத்தல் வேண்டும். அடுத்த மாரி வருமுன் ஊர் தன் கணக்கைத் திறக்கட்டும்!