பெற்றார் பக்கம்: வாசிக்கிறாள், விளங்குகிறதா?



சென்ற தவணை முடிவில் எங்கள் மூத்த மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றார் சந்திப்பு நடந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, உடுப்பும் மாற்றாமல் தாயும் தகப்பனுமாகப் போனோம். ரீச்சர் ஒரு தாளைக் காட்டினார். தாள் முழுக்கச் சரி போட்டிருந்தது. 100 சொல்லில் 98 சரியாம். எங்களுக்கு ஒரே புளுகம். ஆனால் ரீச்சர் அதோடு நிறுத்தவில்லை. "வாசிக்கிறாள். ஆனால் கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் பேசாமல் இருக்கிறாள்" என்றார்.

வீட்டுக்கு வந்து அதே புத்தகத்தை வாசிக்கச் சொன்னோம். தடக்கமே இல்லாமல் வாசித்தாள். 'பெடொக்'கில் ஓர் ஆட்டுக்குட்டி தொலைந்து போகிற கதை. "பெடொக் எண்டால் என்ன பிள்ளை?" என்று கேட்டோம். "அது ஒரு பெட்டி" என்றாள். சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சொல் எங்களுக்கும் தெரியாது என்பதே உண்மை. அகராதியைப் பார்த்துத்தான் அது வேலி அடைத்த மேய்ச்சல் நிலம் என்று அறிந்தோம். "எங்கடை ஊர்த் தரவை மாதிரி" என்று சொன்னால், தரவையையும் அவள் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோர்ன்வோல் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஒக்லாந்து நகருக்கு நடுவிலேயே அங்கே செம்மறிகள் மேய்கின்றன. வேலியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தாள். அன்றிரவு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முழுக் கதையையும் தமிழிலே சொன்னாள்.

ரீச்சர் காட்டிய தாளுக்கு 'ரனிங் றெக்கோர்ட்' என்று பெயர். இம்முறையை உருவாக்கியவர் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மேரி கிளே (1926–2007). பிள்ளை வாசிக்கும்போது ரீச்சர் பக்கத்திலிருந்து சரியான சொல்லுக்குச் சரி போடுவார். பிழைத்தால் என்ன சொன்னாள், தானே திருத்தினாளா என்று குறிப்பார். 100 சொல்லில் 95 அல்லது அதற்கு மேல் சரியென்றால் புத்தகம் இலகு. 90 முதல் 94 வரை என்றால் படிப்பிக்க ஏற்றது. அதற்குக் கீழே என்றால் கடினம். ஆகவே அது பரீட்சைப் புள்ளி அல்ல, எந்தப் புத்தகம் பொருந்தும் என்று பார்க்கும் அளவு.

2025 முதல் அரச பள்ளிக்கூடங்களில் எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்கி 20 வாரத்திலும் 40 வாரத்திலும் ஓர் ஒலிச் சோதனை வைக்கிறார்கள். அதில் பொருளே இல்லாத சொற்களும் வரும். பயப்பட வேண்டாம். எழுத்தைப் பார்த்து ஒலிக்கத் தெரிகிறதா என்று அறியத்தான் அது.

ஆனால் ஒலிப்பது பாதி வேலைதான். கவ், டன்மர் என்ற இரு அறிஞர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். சொல்லை வாசிக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். இவர்களில் டன்மர் பின்னர் இந்நாட்டு மாசிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

நாங்களும் பாடமாக்கி ஒப்புவித்து வளர்ந்தவர்கள்தான். இடப்பெயர்வோடு படிப்பும் நின்றுபோனது. ஆங்கிலம் தெரியாத நாங்கள் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது என்று வெட்கப்பட்டு ஒதுங்கியிருந்தோம். அது பிழை. இப்போது இரவில் இப்படிச் செய்கிறோம்:

ஒரே புத்தகத்தை இரண்டு மூன்று தரம் வாசிக்க விடுகிறோம். சொற்கள் பழகினால்தான் கருத்தில் மனம் செல்லும். "கெதியாய் வாசி" என்று விரட்டுவதில்லை. வசனம் முடிகிற இடத்தில் நிறுத்தி, பேசுவது போல வாசித்தால் போதும். பிழைத்தால் உடனே பாயாமல் கொஞ்சம் பொறுக்கிறோம், அவளே திருத்துவாள். பிறகு புத்தகத்தை மூடி, யார், எங்கே, என்ன நடந்தது, ஏன் என்று தமிழில் கேட்கிறோம். தெரியாத சொல் ஒன்றிரண்டைச் சேர்ந்து தேடுகிறோம். எல்லாமாகப் பத்து நிமிடம்.

வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் மகளின் கதை தமிழில்தானே வாய் திறந்தது! பிள்ளையோடு நிறையப் பேசுங்கள். சந்தையில், பஸ்ஸில், சமைக்கும்போது, உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள். ஒரு பொருளைத் தமிழில் அறிந்த பிள்ளை, அதன் ஆங்கிலப் பெயரை மட்டும் புதிதாகப் படித்தால் போதும்.

அடுத்த பெற்றார் சந்திப்பில் "எத்தனை சரி?" என்று மட்டும் கேட்காதீர்கள். "கதை விளங்குகிறதா?" என்றும் கேளுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அதிலே வெட்கம் இல்லை.