வேடமும் உறவுமுறையும்

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை. லாட்ஜ் அறையொன்றில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் எழுதுகிறவர்கள். கவிதையில் படிமத்தின் காலம் முடிந்துவிட்டதா என்று பேசிக்கொண்டிருந்தோம். மூலையில் டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. படம் ‘மைக்கேல் மதன காமராஜன்’. ஊர்வசியின் பாட்டியாக வரும் கிழவி எதையோ கைக்குள் மறைத்தாள். வசனம் காதில் விழாமலேயே அத்தனை பேரும் சிரித்தோம். யார் இந்த அம்மாள் என்று ஒருவர் கேட்டார். பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். “அதான், அந்தப் பாட்டி” என்றார் ஒருவர். “ரொம்ப வெர்சடைல் ஆக்ட்ரஸ்” என்றார் இன்னொருவர், நல்ல கவிஞர். மறுபடியும் படிமத்துக்குப் போய்விட்டோம்.

அந்தப் பாட்டியின் பெயர் எஸ்.என். லட்சுமி. விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். நாடகக் குழுக்களில் வளர்ந்து சினிமாவுக்கு வந்து, கடைசியில் டி.வி. தொடர்களில் நடித்தவர். 2012 பிப்ரவரியில் காலமானார். நம் பத்திரிகைகள் எதிலும் அவரைப் பற்றி ஒரு பக்கம் வந்ததாக எனக்கு நினைவில்லை. வந்திருந்தால் அதிலும் அந்த ‘வெர்சடைல்’தான் இருந்திருக்கும்.

இந்தச் சொல்லின் மேல்தான் எனக்குக் கோபம். ஒரு கவிஞரைப் பற்றி ‘பலவிதமாக எழுதுவார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு விமர்சகன் நம்மிடையே தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? எந்த விதம், எந்த வரியில், எதை விலையாகக் கொடுத்து என்று கேட்க மாட்டோமா? நடிகையிடம் வந்ததும் இந்தக் கேள்விகள் நின்றுவிடுகின்றன. பாராமல் பாராட்டுவதற்கு வசதியான சொல் அது. இன்னொரு காரியமும் செய்கிறது: அவருக்கு என்னென்ன கிடைக்கவில்லை என்பதை மூடி மறைக்கிறது.

கணக்குப் பார்ப்பது என் தொழில், எனவே ஒரு கணக்கு. ‘சர்வர் சுந்தரம்’ 1964இல் வந்தது. நாகேஷுக்கு அம்மா லட்சுமி. நாகேஷ் 1933இல் பிறந்தவர். லட்சுமி இறந்தபோது வயது 85 என்று எழுதினார்கள். அப்படியானால் மகனுக்கும் தாய்க்கும் ஆறு வருஷம்தான் வித்தியாசம். முப்பத்தேழு வயதில் அம்மாவாக்கப்பட்டவர் எண்பது தாண்டியும் ‘தென்றல்’, ‘சரவணன் மீனாட்சி’ தொடர்களில் பாட்டியாகவே இருந்தார். அந்த ஐம்பது வருஷத்தில் அவர் யாருக்காவது ஏதாவதாக இருந்தார். தானாக எப்போதாவது இருக்க விட்டார்களா?

தென்காசிக்காரர்கள் செங்கோட்டை என்றதும் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 1906இல் பிறந்து 1933இல் போய்விட்ட மகா பாடகன். அவரோடு மேடையில் நின்ற கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி நமக்குத் தெரிந்தது அந்தக் காதலும் அவர் உடுத்த வெள்ளைப் புடவையும். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் அவர் நந்தனாக நடித்தார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். ஒரு பெண் ஆணாகவும் தாழ்த்தப்பட்ட பக்தனாகவும் நிற்கிறாள். நமக்கு நினைவிருப்பது அவர் வாங்கியதாகச் சொல்லப்படும் ஒரு லட்ச ரூபாய். நாடகக் கம்பெனியில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று வேடத்துக்குத்தான் பெயர். பையன் பெண் வேடம் கட்டினான், பெண் ஆண் வேடம் கட்டினாள். அது நியாயமான உலகம் என்று சொல்ல வரவில்லை. மேடையை விட்டு இறங்கிய நடிகையை ஊர் எப்படிப் பார்த்தது என்பது தெரிந்ததே. ஆனாலும் மேடைமேல் அவளுக்கு ஒரு வேடம் இருந்தது. சினிமாவும் டி.வி.யும் அவளுக்கு உறவுமுறையைக் கொடுத்தன. சுந்தராம்பாளுக்கே 1953இல் ஔவையார் வந்து சேர்ந்தது. அந்தக் கிழவி பாட்டாவது எழுதினாள். பின்னால் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

மனோரமாவைப் பாருங்கள். நாடக மேடையிலிருந்து வந்தவர், ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் (1968) ஜில் ஜில் ரமாமணி என்ற நாடக நடிகையாகிறார். நாடகக்காரியைப் பார்த்துச் சிரிக்கச் சினிமா போட்டுக்கொடுத்த பாத்திரம் அது. அந்தக் கொச்சையை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் ஒரு மானத்தையும் அவர் நிறுத்திவிடுகிறார். சிரிப்பதா, கும்பிடுவதா என்று பார்க்கிறவன் தடுமாறுகிறான். இவ்வளவு செய்தவருக்கு நாடு கொடுத்த பட்டம் ‘ஆச்சி’. அதுவும் உறவுமுறைதான்.

பி.ஏ. வகுப்பில் ஷா எழுதிய நாடக விமர்சனங்களைப் படித்திருக்கிறேன். 1895இல் சாரா பெர்னார்டும் எலியனோரா டூஸேயும் ஒரே நாடகத்தை லண்டனில் நடத்தினார்கள். ஷா இருவரையும் பார்த்து எழுதினார். ஒரு காட்சியில் டூஸேயின் முகம் சிவந்ததைக்கூட விடவில்லை. டூஸேயைப் பார்த்தவர் யாரும் இன்று உயிரோடு இல்லை. அந்தச் சிவப்பு மட்டும் இருக்கிறது, ஒருவன் பார்த்து எழுதி வைத்ததால்.

நாம் என்ன எழுதி வைத்தோம்? ஆர்த்தோவை எழுதினோம். க்ரோடோவ்ஸ்கியை எழுதினோம். ‘நடிகனின் உடல்’ என்று கனமான கட்டுரைகள் போட்டோம். நானும் போட்டிருக்கிறேன். எந்த நடிகனின், எந்த உடல்? ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் வாழ்க்கையைப் பற்றி சூசன் சைசர் என்ற அமெரிக்கப் பெண்மணி வந்து தங்கிப் பார்த்து 2005இல் புத்தகம் போட்டார். மதுரைக்குப் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய நாம் போலந்துக்கு மனதால் போய்க்கொண்டிருந்தோம்.

ஆக்ஷேபம் ஒன்று வரும்: டி.வி. தொடர் குப்பை, அதில் நடித்தவரைப் பற்றி ஒரு சிற்றிதழ் எழுத வேண்டுமா? குப்பைதான். ஒரே அதிர்ச்சிக்கு ஒரே முகத்தை மூன்று முறை காட்டி, இடி முழங்க வைக்கும் இடத்தில் நடிப்புக்கு இடமில்லை. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் குரலை எறியப் பழகியவரை சோபாவில் உட்காரவைத்துக் கண்ணைத் துடைக்கச் சொல்கிறார்கள். அதற்குள்ளும் அவர் எதைச் செய்தார் என்று பார்ப்பதற்கு அல்லவா விமர்சகன்?

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று படங்களைத் திரும்பப் பார்த்தேன். ‘மைக்கேல் மதன காமராஜ’னில் (1990) திருடுவது கை மட்டும்தான். கண் அதில் சம்பந்தப்படாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கை வேறொருத்தியுடையது போல இருக்கிறது. ‘மகாநதி’யில் (1994) மருமகன் சிறைக்குப் போனபின் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் மாமியார். அதே கைகள் இங்கே எதையும் பற்றத் தெரியாமல் இருக்கின்றன. ‘விருமாண்டி’யில் (2004) மதுரைப் பக்கத்துக் கிழவி, கழுத்தின் நிமிர்வே வேறு. மூன்றையும் ‘பாட்டி’ என்ற ஒரே சொல்லால் மூடினோம். மூன்று பெண்களை உண்டாக்கியவர் லட்சுமி. ஒருத்தியாகப் பார்த்தது நாம்.

மாதம் பிறந்தால் எங்கள் கிளைக்குப் பென்ஷன் வாங்கக் கிழவிகள் வருவார்கள். கவுண்டரில் எல்லோரையும் ‘ஆச்சி’ என்றுதான் கூப்பிடுகிறேன். இந்தப் பக்கத்து வழக்கம் அது. ஆனால் பெயரைப் பார்க்காமல், கையெழுத்தோ கைநாட்டோ சரிபார்க்காமல் பத்து ரூபாய் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. கொடுத்தால் வேலை போய்விடும்.

விமர்சனத்தில் மட்டும் யாருக்கும் வேலை போவதில்லை.