நெடுந்தீவுக்கு ஒரு மருத்துவக் கைநூல்

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ‘மர்மக் காய்ச்சல்’ என்ற பேச்சுக் கிளம்பியது. நவம்பர் கடைசியில் கொட்டிய பெருமழையில் வயல்களும் ஒழுங்கைகளும் வெள்ளக்காடாகிக் கிடந்து வடிந்துகொண்டிருந்த நேரம். காய்ச்சலோடு வந்தவர்கள் மூச்சுத்திணறி அடுத்தடுத்து இறந்தார்கள். மாத நடுப்பகுதிக்குள் குறைந்தது ஏழு உயிர்கள் போய்விட்டன. இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

இலங்கையின் நெல் மாவட்டங்களுக்கு இது பழகிய நோய். கெண்டைக்கால் தசை நோகும், கண் சிவக்கும், சிறுநீர் குறையும். சேற்றில் இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மருந்தாக டொக்ஸிசைக்கிளினைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் கொடுக்கின்றன. இவ்வளவும் அச்சிலே இருக்கிற அறிவு. காய்ச்சலுக்குப் பனடோல் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த வயற்காரருக்கு அது வேளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், சிலராவது பிழைத்திருப்பார்கள்.

குடாநாட்டின் நிலை இதுவென்றால் தீவுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 ஜூலையில், 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தபின் தரைவழி நோயாளிகளுக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. ஆனால் வண்டி குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடும். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. தீவில் வைத்தியசாலை இருக்கிறது. விசேட வைத்திய நிபுணர் இல்லை. இரவில் வரும் நோயாளியைப் படகேற்றுவதா, வைத்துப் பார்ப்பதா என்பதை அங்கே கடமையில் இருப்பவரே முடிவுசெய்ய வேண்டும்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். ஊரார் புடையன் என்று சொல்லும் கண்ணாடி விரியன் கடித்ததா என்ற ஐயம் வந்தால், பெரிய ஆய்வுகூடம் இல்லாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நோயாளியின் நாளத்திலிருந்து சில மில்லிலீற்றர் இரத்தத்தை எடுத்துச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சரித்துப் பார்ப்பது. இரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவியிருந்தாலோ முடிவு பிழைக்கும். கட்டு விரியன் கடித்தவருக்கோ இந்தச் சோதனை உதவாது. நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தவர் விடியற்புறம் வயிற்றுநோவோடு எழும்புவார். கடித்த இடம்கூடத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கண்ணிமை தொங்கத் தொடங்கும். இந்த நுணுக்கங்களை வருடத்தில் சில கடிகளை மட்டும் காணும் ஒருவர் எல்லா நேரமும் நினைவில் வைத்திருக்க முடியாது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் பாம்புக்கடி வழிகாட்டி மிக நல்லது. அது ஆங்கிலம் படித்த வைத்தியருக்கானது. தாதிக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் கடிபட்டவரின் வீட்டாருக்கும் அவரவர் அளவில், தமிழில், சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கக்கூடிய கைநூல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய கனவு இல்லை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார்; பின்னர் கற்பிக்கும் மொழியையும் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவன் பட்டணத்துக்குப் போவான், தமிழில் படித்தவன் கிராமத்தில் இருப்பான் என்பது அவருடைய கணக்கு. மாணாக்கரோடு உட்கார்ந்து அவர் கொண்டுவந்த நூல்கள் இன்றும் வியப்பூட்டுபவை: 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் அறுவை மருத்துவம் பற்றிய இரண வைத்தியம், 1872இல் உடற்கூற்றியல் நூலான மனுஷ அங்காதிபாதம். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியரானார்கள்.

கிறீனைப் போற்றுகிறவர்கள் அடுத்த பகுதியைச் சொல்லாமல் விடுகிறார்கள். இரண வைத்தியம் வெளிவந்த அதே 1867இல்தான் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி கொண்டு புண்ணைக் காக்கும் முறையை லண்டனின் லான்செட் இதழில் எழுதினார். அறுவை மருத்துவமே தலைகீழாக மாறியது. 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரியின் ஆங்கிலமே உத்தியோகத்துக்கு வழியாயிற்று. மாறிக்கொண்டிருந்த மருத்துவத்தைப் பதிப்புக்குப் பதிப்பு தமிழில் தொடர்ந்து எழுத அமைப்பு எதுவும் நிலைக்கவில்லை. நோயாளிக்காக எழுதிய நூல்களை இன்று வரலாற்று ஆய்வாளர்தான் தேடிப் படிக்கிறார்கள்.

இன்று தொழில்நுட்பம் ஒரு தடையே அல்ல. 2007இல் தொடங்கிய கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் முழு விக்கிப்பீடியாவையும் இணைய இணைப்பின்றிக் கைத்தொலைபேசியில் படிக்க வைக்கிறது. அதன் மருத்துவக் கட்டுரைகளை மட்டும் திரட்டிய விக்கிமெட் செயலியும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பி 2015ஆம் ஆண்டு இயல் விருது பெற்ற மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனத்துக்கு ஆவணப்படுத்தும் அனுபவம் நிறைய உண்டு. நோயாளிக்குப் புரியும் தமிழில் மருத்துவம் எழுத முடியும் என்பதைப் பருத்தித்துறையில் நெடுங்காலம் பணியாற்றிய டொக்டர் எம்.கே. முருகானந்தன் காட்டியிருக்கிறார்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் தமிழில் பதில் வருகிறதே, தனியாக ஒரு நூல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பதில் வரத்தான் செய்கிறது. ஆனால் குழந்தையின் நிறைக்கேற்ற மருந்தளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் பொறுப்பேற்க அங்கே யாரும் இல்லை. வட்ஸ்அப்பில் சுற்றும் கைவைத்தியக் குறிப்புக்கும் அதே குறைதான். மருத்துவக் கைநூலின் ஒவ்வொரு பக்கத்திலும் யார் சரிபார்த்தார், எப்போது திருத்தினார் என்பது இருக்க வேண்டும். அப்படிக் கையெழுத்திடும் தகுதி 1978 முதல் இயங்கிவரும் யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு உண்டு.

எல்லா நோய்களையும் அடக்கிய கலைக்களஞ்சியத்தோடு தொடங்கத் தேவையில்லை. பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், டெங்கு, பிரசவ கால இரத்தப்போக்கு, பிள்ளைகளின் வயிற்றோட்டம் ஆகிய ஐந்தும் முதற் பதிப்புக்குப் போதும். வட மாகாண சுகாதாரத் திணைக்களமும் மருத்துவ பீடமும் ஆளுக்கு இருவரை ஒதுக்கி, வருடந்தோறும் திருத்துவதற்கான செலவையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு வைத்தியசாலைகளில் கடமையாற்றுவோரிடம் முதலில் கொடுத்துப் பிழை கேட்க வேண்டும். அடுத்த மாரி தொடங்குமுன் இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.